முதல் ரீஃப் தொட்டி: மூன்றாம் மாதக் கோளாறுக்கு முதல் வாரத்திலேயே வேர்

முதன்முதலாக ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைப்பவர் கோளாறைப் பார்ப்பது பவளம் சுருங்கும்போதுதான், அல்லது தரையில் தண்ணீர் நிற்கும்போது. ஆனால் அந்தக் கோளாறு பல வாரங்களுக்கு முன்பே தொட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். குழாயை எந்த உயரத்தில் வைத்தோம், பாறையை ஊறவைத்தோமா, எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று எண்ணினோமா என்பவை முதல் வாரத்தில் அற்பமாகத் தெரியும். இந்த ஆய்வு அந்த மூன்றையும் பற்றியது.

எடுத்துக்கொண்டது ஒரு மாதிரித் தொட்டி. முதல் தொட்டிகளில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே தொட்டியின் ஆறு மாத ஓட்டமாக அடுக்கியிருக்கிறோம். கண்ணாடியின் வெளி அளவு 90 × 45 × 45 செ.மீ., தடிமன் 10 மி.மீ. அடியில் 60 × 35 × 35 செ.மீ. சம்ப், அதாவது மேல் தொட்டித் தண்ணீர் இறங்கி வந்து திரும்ப மேலேறும் துணைத் தொட்டி. உள்ளே உலர் பாறை. குறிக்கோள் மென்பவளங்களும் பெரிய பாலிப் (பவளத்தின் ஒவ்வொரு தனி உயிர்) கொண்ட கல் பவளங்களும்; சிறிய பாலிப் கல் பவளமான அக்ரோபோரா கிடையாது.

ஏன் இந்த அளவு

"முதலில் 30 லிட்டரில் சின்னதாகப் பழகுகிறேன்" என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. கணக்கு அதற்கு எதிராக நிற்கிறது. ஆவியாகிப் போவது நன்னீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 30 லிட்டரில் நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியானால் உப்புத்தன்மை ஒரே நாளில் ஆயிரத்துக்கு 35-லிருந்து 36.2 ஆகிவிடும், இரண்டு நாள் மறந்தால் 37.5. சம்போடு சேர்த்து 175 லிட்டர் தண்ணீர் நிற்கும் நமது தொட்டியில் நாளைக்கு 3 லிட்டர் போனாலும் 35.6-தான். சின்னத் தொட்டியைத் தேர்ந்தவர்கள் நடத்துவார்கள், அழகாகவும் இருக்கும். கற்றுக்கொள்பவருக்கு அது தவறு செய்ய இடம் தராது. மறுபக்கம், 120 செ.மீ. தொட்டிக்குப் போனால் உப்பு, விளக்கு, தண்ணீர் மாற்றும் உழைப்பு எல்லாம் ஏறும். 90 செ.மீ. நடுவில் நிற்கும் நல்ல அளவு.

எடையையும் பார்த்துவிட வேண்டும். கண்ணாடி 40 கிலோ, மேல் தொட்டித் தண்ணீர் ஏறக்குறைய 146 கிலோ, மணல் 16, பாறை 15, சம்ப் தண்ணீரோடு 45. ஸ்டாண்டைச் சேர்க்காமலே 260 கிலோ தாண்டுகிறது. ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் பார்த்த பிறகே தொட்டியை ஏற்றவேண்டும். நிரப்பிய பின் மட்டம் சரியில்லை என்று தெரிந்தால், முழுவதையும் இறக்குவது தவிர வேறு வழியில்லை.

கருவிகள்

சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், உயரத்துக்கான இழப்பு போக மணிக்கு 800 முதல் 1000 லிட்டர் தரவேண்டும். தொட்டிக்குள் நீரோட்டத்துக்கு மணிக்கு 3000 லிட்டர் வேவ்மேக்கர் (தண்ணீரைத் தள்ளும் விசிறி) இரண்டு, எதிரெதிர் சுவரில், ஒன்றின் ஓட்டம் மற்றதில் மோதி உடையும்படி வைக்கவேண்டும். நேராகப் பவளத்தின் மேல் அடித்தால் சதை கிழியும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை அட்டையில் எழுதிய திறனில் பாதிதான் உண்மை என்று வைத்து வாங்குவது நல்லது. 175 லிட்டருக்கு 350 லிட்டர் என்று போட்டது. ஹீட்டர் 200 வாட் ஒன்றுக்குப் பதில் 100 வாட் இரண்டு, தனிக் கன்ட்ரோலரில், 25 முதல் 26 டிகிரி செல்சியஸில். ஹீட்டர் பழுதானால் பெரும்பாலும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அப்போது 100 வாட் தொட்டியை வேகவைக்காது, 200 வாட் வேகவைத்துவிடும்.

எல்.இ.டி. விளக்கில் பார்க்கவேண்டியது வாட் அல்ல, பார் அளவு, அதாவது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு. மென்பவளத்துக்கும் பெரிய பாலிப் பவளத்துக்கும் அவை உட்காரும் இடத்தில் 50 முதல் 150 போதும். புதிய பவளம் வந்தால் விளக்கை 40 சதவீதத்தில் வைத்து மூன்று, நான்கு வாரத்தில் ஏற்றவேண்டும். முதல் நாளே முழு வெளிச்சம் கொடுத்தால் பவளத் திசுவில் வாழும் நுண்பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஆர்.ஓ. வடிகட்டி மட்டும் போதாது, அதன் பின்னால் மிச்ச அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் வேண்டும், கரைந்த பொருளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டவேண்டும். குழாய்த் தண்ணீரில் வரும் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்குத் தீனி. செம்பு, நத்தை இறால்களுக்கு நஞ்சு. மீட்டர் 2, 3 என்று ஏறத் தொடங்கினால் ரெசின் முடிந்துகொண்டிருக்கிறது.

மின்சாரம்: எல்லா ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவேண்டும். ஒயர் வழி இறங்கும் சொட்டு அந்த வளைவின் அடியில் விழுந்துவிடும், பிளக்குக்குள் போகாது. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். உப்புத் தண்ணீரில் கைவிடும் வேலை இது.

நிரப்புதல்

பாறையை முதலில் அடிக் கண்ணாடியின் மேல் உட்காரவைத்து, மணலைப் பிறகு சுற்றிப் போடவேண்டும். மணல் மேல் பாறை வைத்தால், கோபி மீன் தோண்டத் தோண்டப் பாறை சரியும். பாறைக்கும் முன் கண்ணாடிக்கும் 10 செ.மீ. இடைவெளி விட்டால்தான் துடைக்கும் காந்தம் போய்வரும். மணல் 3 செ.மீ. உயரம்.

உப்பைத் தண்ணீரில் போடவேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. அப்படி ஊற்றினால் அடியில் செறிவு எகிறி, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். அதைத் திரும்பக் கரைக்க முடியாது. பெரும்பாலான உப்புகளுக்கு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம்; 175 லிட்டருக்கு ஏறக்குறைய 6.5 கிலோ. உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை நன்னீரில் 0 வைத்துவிட்டு நம்புவது பரவலான பிழை. 35 அளவுள்ள சோதனைத் திரவத்தில்தான் திருத்தவேண்டும், ஏனென்றால் நமக்குத் துல்லியம் தேவைப்படுவது அந்த இடத்தில்.

மாதிரித் தொட்டியில் இந்தக் கட்டத்தில் மூன்று விஷயங்கள் நழுவின. ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தது, சத்தம் வராது என்பதற்காக. உலர் பாறையைத் தூசி போகக் கழுவியதோடு சரி, ஊறவைத்துப் பாஸ்பேட் பார்க்கவில்லை. எத்தனை வாளி ஊற்றினோம் என்று யாரும் எண்ணவில்லை.

சைக்கிளிங்

பாறையிலும் மணலிலும் பாக்டீரியா பெருகி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் வரை காத்திருப்பதுதான் சைக்கிளிங். இதற்காக நீல டாம்செல் மீனை விட்டு வதைக்கத் தேவையில்லை. அது பிழைத்தால் பிறகு வரும் மீன்களைத் துரத்தும், அதைப் பிடிக்கப் பாறை முழுவதையும் கலைக்கவேண்டி வரும். அம்மோனியம் குளோரைடு போதும். 175 லிட்டரில் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியாவுக்கு 1.1 கிராம். 2 பி.பி.எம். போட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 ஆனால் முடிந்தது. பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் வழக்கமாக இரண்டு மூன்று வாரம், சேர்க்காவிட்டால் நான்கு முதல் ஆறு. நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் கிட் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

முதல் கோளாறு: மின்தடையும் தரைத் தண்ணீரும்

19-ஆம் நாள். மின்சாரம் போகிறது, ரிட்டர்ன் பம்ப் நிற்கிறது, பத்து நிமிடத்தில் சம்ப் விளிம்பு தாண்டி வழிகிறது. பம்ப் நின்றதும் ரிட்டர்ன் குழாய் சைஃபனாக மாறி, மேல் தொட்டித் தண்ணீரைத் தலைகீழாகக் கீழே இறக்கும். வாய்க்குள் காற்று போகும்வரை நிற்காது.

தொட்டியின் உள்பரப்பு 88 × 43 செ.மீ.; ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் 3.8 லிட்டர். வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 19 லிட்டர். குழாய்களிலும், தண்ணீர் சம்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நின்றதோடு சேர்த்து 22. சம்பில் ஒரு செ.மீ. உயரம் 2 லிட்டர். அடிக்கடி டாப்-அப் செய்ய வேண்டாமே என்று சம்பை 25 செ.மீ. வரை நிரப்பி ஓட்டியதால் மிச்சம் இருந்தது ஒன்பதரை செ.மீ., அதாவது 19 லிட்டர். எனவே 3 லிட்டர் தரைக்கு.

வாயை நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே உயர்த்தி, மட்டத்தை ஒட்டிக் குழாயில் 4 மி.மீ. துளை போட்டால் சைஃபன் உடனே அறுந்துவிடும். அந்தத் துளையை வாரம் ஒருமுறை குச்சியால் குத்திப் பார்க்கவேண்டும், பாசியோ நத்தையோ அடைத்துவிடும். ஒருவழி வால்வை நம்புவது வீண். அதன் வாயில் சுண்ணாம்பும் மணலும் படிந்து, தேவைப்படும் நாளில் மூடாது. சம்பின் ஓட்ட மட்டம் 17 செ.மீ.க்கு இறங்கியது. பிறகு பம்பை வேண்டுமென்றே அணைத்து, தண்ணீர் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே மார்க்கரில் கோடு போட்டது. முதல் நாளே செய்திருக்கவேண்டிய சோதனை இது, ஐந்து நிமிட வேலை.

தானாக நிரப்பும் ஏ.டி.ஓ.வுக்கும் இதே கணக்கு. மிதவை சிக்கி 20 லிட்டர் நன்னீர் முழுவதும் உள்ளே வந்தால் உப்புத்தன்மை 35-லிருந்து 31.4-க்கு விழும். மீன் தாங்கலாம், பவளம் சுருங்கும், நத்தைகள் தப்புவது சந்தேகம். ஏ.டி.ஓ. கேனை 10 லிட்டராக வைத்தால் மோசமான நாளிலும் 33-க்குக் கீழே போகாது.

உயிர்கள்

முதலில் டர்போ, ட்ரோகஸ் நத்தைகள். பிறகு ஒரே இனக் கோமாளி மீன் இரண்டு, ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக. கோமாளிகள் ஆணாகவே தொடங்கி, ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும், எனவே அளவில் வித்தியாசம் இருந்தால் சண்டை குறைவு. ஒரு ராயல் கிராமா, பிஸ்டல் இறாலோடு ஒரு கோபி. இந்த அளவுக்கு இத்தனை போதும். டேங் வகை மீன் 90 செ.மீ.யில் அடைபடக்கூடாது. மாண்டரின் மீன், இளம் தொட்டியில் கோபிபாட் என்ற நுண்ணிய இரை கிடைக்காமல் மெல்லப் பட்டினியில் சாகும். அதைப் பார்ப்பது கொடுமை.

ஒவ்வொரு மீனும் தனித் தொட்டியில் சில வாரம் இருந்த பிறகே உள்ளே. கடல்நீர் வெள்ளைப்புள்ளி நோய் பிரதான தொட்டிக்குள் வந்துவிட்டால் செம்பு மருந்து அங்கே போடமுடியாது, முதுகெலும்பில்லாதவை எல்லாம் சாகும். மீன்களை வெளியே எடுத்து, தொட்டியை 76 நாள் மீனின்றி விடுவதுதான் வழக்கம். நீண்ட பயணத்தில் வந்த மீனை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குவதும் தவறு. பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேறி பி.எச். ஏறும், பையிலிருக்கும் அம்மோனியா நச்சாக மாறும். வெப்பநிலை சமமானதும், உப்புத்தன்மை ஒத்திருந்தால் உடனே மாற்றிவிடவேண்டும்.

பவளங்களில் காளான் பவளம், ஜோவாந்திட், பெரிய பாலிப் கல் பவளங்களான ஹேமர், டார்ச். கிரீன் ஸ்டார் பாலிப்பைத் தனிக் கல்லில் தீவாக வைத்தது. முதன்மைப் பாறையைத் தொட்டால் முழுவதும் போர்த்திவிடும். டார்ச்சைச் சுற்றி 15 செ.மீ. காலி, இரவில் அதன் கொட்டும் இழைகள் நீளும். ஜோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு: வெட்டும்போது கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், அவை ஒட்டிய பாறையைக் கொதிக்கவைக்கவே கூடாது, ஆவியே ஆளை மருத்துவமனைக்கு அனுப்பும். கல் பவளங்கள் அனைத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் வருகின்றன. வாங்குமுன் அவரவர் நாட்டுச் சட்டத்தைப் பார்த்து, வளர்த்து வெட்டிய பவளத் துண்டையே (ஃபிராக்) கேட்கவேண்டும்.

இரண்டாம் கோளாறு: பூஜ்ஜியத்தின் மேல் ஆசை

45-ஆம் நாள் பாஸ்பேட் 0.25 பி.பி.எம். ஊறவைக்காத உலர் பாறை உள்ளே பிடித்துவைத்திருந்ததை மெல்லக் கக்கியது. பச்சை முடிப்பாசி தலைகாட்டியது. இது இளம் தொட்டியில் இயல்பு. கையால் பிடுங்கி, நத்தைகளை விட்டுக் காத்திருந்தால் போதும். ஆனால் பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளை முழு அளவில் ஒரே நாளில் போட்டார்கள். இரண்டு வாரத்தில் பாஸ்பேட் 0.00, நைட்ரேட்டும் 0. முடிப்பாசி போனது. 70-ஆம் நாள் மணல் மேலும் பாறை நுனிகளிலும் பழுப்பு நிறச் சளி, இழையிழையாக, நுனியில் காற்றுக் குமிழோடு. மதியத்தில் கனத்து, விளக்கணைந்த பின் மெலிந்து, மறுநாள் திரும்பும். நத்தைகள் கவிழ்ந்தன.

இது டைனோஃபிளாஜெலேட். பாசியும் பாக்டீரியாவும் சத்தில்லாமல் ஒடுங்கும்போது காலியான இடத்தைப் பிடிக்கும் உயிரி. இதேபோல் பழுப்பாகப் படரும் டயட்டம் என்ற நுண்பாசி தூசிபோல இருக்கும், துடைத்தால் பறக்கும். சயனோபாக்டீரியா செம்பழுப்புத் தகடாக உரியும். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: சளியைத் தொட்டித் தண்ணீரோடு சின்ன பாட்டிலில் பிடித்து, நார்கள் உடையும்வரை பலமாகக் குலுக்கி, காபி ஃபில்டர் தாளில் வடிக்கவேண்டும். வடிந்த தண்ணீர் ஏறக்குறைய தெளிவாக இருக்கும். அதை விளக்கடியில் ஒரு மணி நேரம் வைத்தால், டைனோ எனில் தனித்தனிச் செல்கள் திரும்பக் கூடி இழை திரிக்கும். கண்ணெதிரே நூல் உருவாகும். மற்றவை இப்படிச் சேரா.

முதல் வேலை மணிகளை எடுப்பது. அடுத்து நைட்ரேட்டை 5 முதல் 10-க்கும் பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1-க்கும் ஏற்றுவது. 175 லிட்டரில் நைட்ரேட் 5 பி.பி.எம். ஏற 1.2 கிராம் சோடியம் நைட்ரேட். பாஸ்பேட்டைப் போட்ட மறுநாளே பாறை விழுங்கிவிடும், எனவே தினமும் அளந்து போடவேண்டும். வெள்ளை வெளிச்சத்தைக் குறைத்து நீலம் மட்டும். இரவில் நீரில் மிதக்கும் ஆஸ்ட்ரியோப்சிஸ் வகைக்கு யு.வி. விளக்கு நன்றாக வேலை செய்யும். மணலை விட்டு நகராத ஆம்ஃபிடினியத்துக்கு அது பயன்படாது. எது என்று அறிய மலிவான மைக்ரோஸ்கோப் போதும்: துளி வடிவச் செல் ஒரு முனையை ஊன்றி வட்டமிட்டால் ஆஸ்ட்ரியோப்சிஸ். மாதிரித் தொட்டி தெளிய ஐந்து வாரம் ஆனது.

அந்தப் பாறையை ஒரு டிரம்மில் பம்ப் போட்டு மூன்று வாரம் ஊறவைத்து, பாஸ்பேட் ஏறினால் தண்ணீரை மாற்றிக்கொண்டே வந்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. மணிகளைப் போட்டே ஆகவேண்டுமென்றால் சொன்ன அளவில் கால்பங்கில் தொடங்குவது பத்திரம்.

மூன்றாம் கோளாறு: இல்லாத தண்ணீருக்கு மருந்து

நான்காம் மாதம் டார்ச்சின் சதை எலும்புக்கூட்டிலிருந்து பின்வாங்குகிறது. உப்பு, வெப்பம் சரி. ஆல்கலினிட்டியை (பவளம் எலும்புக்கூடு கட்ட எடுக்கும் கார்பனேட்டின் அளவு, அலகு டி.கே.எச்.) வாரம் இருமுறை எழுதிவைத்த தாளில் 7.0, 9.2, 7.2, 9.3 என்று ரம்பம்போல ஒரு கோடு.

பவளமும் இளஞ்சிவப்புக் கோரலைன் பாசியும் வளரத் தொடங்கியதால் ஆல்கலினிட்டி நாளுக்கு 0.3 டி.கே.எச். இறங்கியது. 7.0-லிருந்து 8.5-க்கு ஏற்ற நினைத்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு டி.கே.எச். ஏற லிட்டருக்கு 30 மில்லிகிராம் சமையல் சோடா, அது சரியான எண். ஆனால் பெருக்கியது 256 லிட்டரால்: தொட்டி 182, சம்ப் 74, இரண்டும் வெளி அளவில். 11.5 கிராம் போட்டது, ஒரே வேளையில். உள்ளே உண்மையில் இருந்தது 175 லிட்டர். அதற்கு 11.5 கிராம் என்பது 2.2 டி.கே.எச். பயந்து நிறுத்தினால் ஒரு வாரத்தில் 7.2, மறுபடி அதே அளவு. டார்ச்சுக்கு 7-ம் பொறுக்கும், 9-ம் பொறுக்கும். ஒரே நாளில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவதைத்தான் அது பொறுக்காது.

256 எப்படி 175 ஆனது? கண்ணாடித் தடிமனும் மேலே விட்ட 3 செ.மீ.யும் போக மேல் தொட்டியில் 155. மணலும் பாறையும் அடைப்பது 13. மிச்சம் 142. சம்பில் 17 செ.மீ. உயரத்துக்கு 34. இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமென்றால் நிரப்பும் நாளில் வாளியை எண்ணினால் போதும்.

திருத்தம்: 0.3 டி.கே.எச். இழப்பை ஈடுசெய்ய நாளுக்கு 1.6 கிராம் சோடா, ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் கரைத்து, டோசிங் பம்ப்பில் பல வேளையாகப் பிரித்து. எந்த நாளிலும் 1 டி.கே.எச்.க்கு மேல் ஏறக்கூடாது. இலக்கு 8 முதல் 9. கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1250 முதல் 1350. புதியவர்கள் கால்சியத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆல்கலினிட்டி 1 டி.கே.எச். குறையும்போது கால்சியம் 7 பி.பி.எம்.தான் குறைகிறது, பல கிட்டுகளுக்கு அது கண்ணிலேயே படாது. பவளம் சாப்பிடுவதை முதலில் சொல்வது ஆல்கலினிட்டி. ஒரே கிட், ஒரே நேரம், காலையில் விளக்கு எரியுமுன் என்று வைத்துக்கொண்டால் எண்கள் ஒன்றோடொன்று பேசும்.

ஆறாம் மாத நிலை

வாரம் 17 லிட்டர் தண்ணீர் மாற்றம், முந்தின நாளே கலக்கி, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்தது. பத்து சதவீதம் மாற்றினால் 40 நைட்ரேட் 36-க்குத்தான் வரும், அவ்வளவே அதன் பலம். தீனியைக் குறைப்பதும் ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுவதும் அதைவிடப் பெரிய வேலை செய்கின்றன. ஆல்கலினிட்டி 8.3 முதல் 8.6-க்குள் நிற்கிறது. டார்ச்சின் மூன்று தலைகளில் ஒன்று போய்விட்டது, இரண்டில் சதை மறுபடி வளர்ந்து விளிம்புவரை இறங்கி வந்திருக்கிறது. பின் கண்ணாடியில் கோரலைன் புள்ளிகள்.

கடல் அனிமோன் இன்னும் வாங்கவில்லை. எண்கள் இன்னும் மூன்று மாதம் இதே கோட்டில் நின்றால் வாங்கலாம். அதற்கு முன் வேவ்மேக்கர் இரண்டுக்கும் நுரைக் கவசம் மாட்டியாகவேண்டும். இடம் தேடி நகரும் அனிமோன் விசிறிக்குள் போய்விட்டால் தொட்டி முழுவதையும் தன்னோடு கொண்டுபோகும்.